ரசிகர் கையிலுள்ள மேடைப் பதிவுகளும் நினைவுகளும்: பகிர்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை

ஒரே இசைக்குழுவையோ பாடகரையோ நெடுங்காலமாகக் கேட்டுவரும் ரசிகர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, தங்களிடம் உள்ள பழைய கேசட்டுகளையும் ஸ்பூல் நாடாக்களையும் வானொலியிலிருந்து பதிந்துகொண்டவற்றையும் ஒருவருக்கொருவர் பகிரத் தொடங்கியிருக்கிறார்கள். நிகழ்ச்சிகளுக்குப் போய்வந்த நினைவுகளையும் கலைஞரைப் பற்றிய செய்திகளையும் கூடவே திரட்டுகிறார்கள். இவை வீணாகாமலும் பிழைபடாமலும் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. எம்.பி.3 கோப்பு போதுமா, பழைய பதிவின் இரைச்சலை நீக்கலாமா, நினைவுகளை எவ்வளவு நம்பலாம், இப்படிப் பகிர்வது முறைதானா என்பவையும் அதில் அடங்கியிருக்கின்றன.

என் பதில் முழுவதும் ஒரே கருத்தைச் சுற்றியே அமைந்திருப்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பதிவு கைமாறும்போது அது வந்த வழியும் அதோடு சேர்ந்து போக வேண்டும். யார், எந்த நாளில், எந்த அரங்கில், எந்தக் கருவியால் பதிந்தார், அது யார் யார் கையைக் கடந்து இன்று நம்மிடம் வந்திருக்கிறது என்ற விவரம் இல்லாத ஒலி, எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும், வரலாறாக ஆகாது. நினைவுக்கும் செய்திக்கும் இதுவே பொருந்தும். தரம், கோப்பு வடிவம், சேமிப்பு போன்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான் வருகின்றன.

ரசிகர்களின் பதிவுகளைச் சிலர் இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். இசையின் வரலாற்றைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் நூலகராக இருந்த லயனல் மேப்பிள்சன், ஓர் எடிசன் ஃபோனோகிராஃபை வைத்துக்கொண்டு 1901 முதல் 1903 வரை, மேடையில் நடந்துகொண்டிருந்த நிகழ்ச்சிகளையே மெழுகு உருளைகளில் பதிந்தார். ஓர் உருளையில் ஏறத்தாழ இரண்டு நிமிடம்தான் அடங்கும். இன்று கேட்டால் குரல் எங்கோ தொலைவிலிருந்து, கீறல்களுக்கு நடுவே வருகிறது. ஆனாலும் ழான் த ரெஸ்கே என்ற பெரும் பாடகரின் குரலைக் கேட்க அந்த உருளைகளைத் தவிர வேறு வழியில்லை. 1941இல் ஜெர்ரி நியூமன் என்ற மாணவர், தட்டில் பதியும் கருவி ஒன்றை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த மின்டன்ஸ் விடுதிக்குக் கொண்டுபோய் அங்கே இரவில் கூடி வாசித்த ஜாஸ் கலைஞர்களைப் பதிந்தார். அவர்களுள் ஒருவரான கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் மறு ஆண்டு தம் 25ஆம் வயதில் இறந்துவிட்டார். அக்கால வணிக இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் இடமில்லை என்பதால், அவர் நேரக் கட்டுப்பாடில்லாமல் விரித்து வாசிக்கும்போது என்னென்ன செய்தார் என்பதை அறிய நியூமனின் தட்டுகளே துணை.

பிற்காலத்திலும் இதே நிலைதான். பிபிசி வானொலி 1960களில் தன் நிகழ்ச்சிகள் பலவற்றைப் பாதுகாக்காமல் விட்டது. பீட்டில்ஸ் குழு அங்கே வாசித்தவற்றைத் தொகுத்து 1994இல் வெளியிட்டபோது, சில பாடல்களுக்கு நேயர்கள் வீட்டில் பதிந்து வைத்திருந்த நாடாக்களை நாட வேண்டியிருந்தது. அதே குழு 1963 ஏப்ரல் 4 அன்று இங்கிலாந்தின் ஸ்டோ பள்ளியில் வாசித்ததை, 15 வயது மாணவர் ஒருவர் தம் புதிய டேப் ரெக்கார்டரில் பதிந்திருந்தார். அந்த நாடா அவரிடமே இருந்து, அறுபது ஆண்டுகள் கழித்து, 2023இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஆகவே, தன்னிடம் இருப்பது அற்பமானது என்று எண்ணி யாரும் ஒதுக்கி வைக்க வேண்டாம் என்று உங்கள் வட்டத்தில் உள்ளவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இனி விவரக் குறிப்பின் முக்கியத்துவத்துக்கு வருகிறேன். இதில்தான் ரசிகர் வட்டங்கள் பெரும்பாலும் தவறுகின்றன.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1966இல் நடத்திய பிரிட்டன் சுற்றுப்பயணத்தின் ஒரு நிகழ்ச்சி, அனுமதியில்லாத இசைத்தட்டாகப் பல ஆண்டுகள் ரசிகர்களிடையே உலவியது. மின்கிதாரை ஏற்றுக்கொள்ளாத ஒருவர் கூட்டத்திலிருந்து "யூதாஸ்!" (துரோகி என்ற பொருளில்) என்று கத்துவது அதில் தெளிவாகக் கேட்கும். தட்டின் மேல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் என்று எழுதியிருந்தது. உண்மையில் அது மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்த நிகழ்ச்சி. லண்டன் நிகழ்ச்சிகள் அதற்கு ஒன்பது பத்து நாள் கழித்தே நடந்தன. யாரோ ஒருவர் அட்டையில் எழுதிய ஒரு வரி, நகலுக்கு நகல் தொற்றி, கட்டுரைகளிலும் நூல்களிலும் ஏறி, அகற்ற முடியாதபடி ஒட்டிக்கொண்டது. 1998இல் அதிகாரபூர்வமாக வெளியிட்டபோதுகூட, மக்கள் அடையாளம் காண வேண்டும் என்பதற்காக அந்தத் தவறான அரங்கின் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டுத்தான் வெளியிட்டார்கள்.

ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கும் சாக்சஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் சேர்ந்து வாசித்த இரண்டு நாடாக்களை ஒப்பிட்டுப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். ஒன்று, கோல்ட்ரேனின் மனைவி நயீமா, ஃபைவ் ஸ்பாட் என்ற நியூயார்க் விடுதியில் எளிய கருவியொன்றில் பதிந்தது. 1993இல் அது வெளிவந்தபோது, இருவரும் தொடர்ந்து சேர்ந்து வாசித்த 1957இல் பதிவானது என்றே கருதினார்கள். பிறகுதான் அது 1958 செப்டம்பர் 11 அன்று, கோல்ட்ரேன் ஒரு நாள் மட்டும் திரும்பி வந்து வாசித்தபோது பதிவானது என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ஒரு கலைஞர் ஓராண்டு இடைவெளியில் எவ்வளவு மாறுகிறார் என்பதை அறிந்தவர்களுக்கு இது சிறிய பிழையன்று. 1957இன் கோல்ட்ரேன் என்று எண்ணி நுணுக்கமாகக் கேட்டவர்கள் எல்லாரும் உண்மையில் 1958இன் கோல்ட்ரேனைக் கேட்டிருக்கிறார்கள். இன்னொன்று, 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் நடந்த நிகழ்ச்சியை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி பதிந்தது. அது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் யாருடைய கவனத்திலும் படாமல் கிடந்து, 2005இல் டிஜிட்டல் மாற்றத்துக்காக நாடாக்களைப் புரட்டியபோது கண்டெடுக்கப்பட்டது. பெட்டியின் மேல் தேதியும் அரங்கமும் இருந்தன. ஒன்றில் மங்க்கின் பெயர் கையால் எழுதியிருந்தது. அந்தச் சிறு குறிப்புகளைக் கொண்டே அது இன்னது என்று நூலகர் உடனே புரிந்துகொண்டார்.

ஆகவே, ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எளிய எழுத்துக் கோப்பு வையுங்கள். அது ஒலிக்கோப்புகள் இருக்கும் அதே அடைவில் (ஃபோல்டரில்) இருக்கட்டும். கலைஞர், நாள், ஊர், அரங்கம், பக்க இசைக்கலைஞர்கள், பாடல் வரிசை ஆகியவற்றோடு, பார்வையாளர் இருக்கையிலிருந்து பதிந்ததா, ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேராக எடுத்ததா, வானொலியிலிருந்து பிடித்ததா என்பதையும், எந்த மைக், எந்த ரெக்கார்டர், எந்த வகை நாடா என்பதையும், மூல நாடாவா நகலா, நகலென்றால் எத்தனையாவது தலைமுறை (அதாவது மூலத்திலிருந்து எத்தனை முறை நகலெடுத்து வந்தது) என்பதையும், டிஜிட்டலாக மாற்றியவர் பயன்படுத்திய கருவியையும் மென்பொருளையும் அதில் எழுதுங்கள். இவற்றைவிட முக்கியமாக, ஒவ்வொரு விவரமும் எதன் அடிப்படையில் எழுதப்பட்டது என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். "கேசட் அட்டையில் இருந்தபடி", "பதிந்தவர் சொன்னது", "பாடல் வரிசையை அக்கால நாளிதழ் விமர்சனத்தோடு ஒப்பிட்டு ஊகித்தது" என்ற மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல. படிப்பவருக்கு அந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும். நாள் தெரியாவிட்டால் ஆண்டை மட்டும் எழுதுங்கள். ஆண்டும் உறுதியில்லை என்றால் எந்த ஆண்டுகளுக்கு இடைப்பட்டது என்று எழுதி, காரணத்தைக் கூறுங்கள். வெற்றிடம் வெட்கப்பட வேண்டியதன்று. ஊகத்தை உறுதியைப் போல் எழுதிவைப்பதுதான் பின்னால் வருபவர்களுக்குத் தீங்கு செய்கிறது. மூலப் பெட்டியில் உள்ள கையெழுத்தைப் படமெடுத்துச் சேர்த்துவிடுவது மிக நல்லது. நீங்கள் தவறாகப் படித்திருந்தாலும் இன்னொருவர் திருத்த முடியும்.

நாள் தெரியாத பதிவுகளைக் கண்டறியவும் வழிகள் உண்டு. பாடல்களுக்கு இடையே கலைஞர் பேசுவதைக் கவனமாகக் கேட்க வேண்டும். புதிய பாடல் என்று ஒன்றை அறிமுகப்படுத்தினால் அது ஓர் எல்லையைத் தருகிறது. குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு குழுவில் சேர்ந்த ஒருவரின் பெயரை மேடையில் அறிவித்தால் அது இன்னோர் எல்லை. வானொலிப் பதிவாக இருந்தால் அறிவிப்பாளரின் குரலும் அடுத்து வரும் செய்தி அறிக்கையின் தொடக்கமும்கூட நாளைச் சொல்லிவிடும். இதனால்தான் கைதட்டல், சுருதி சேர்க்கும் ஓசை, பேச்சு, அறிவிப்பு எதையும் வெட்டியெறியக் கூடாது என்று வற்புறுத்துகிறேன். ஜாஸ் சாக்சஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரை 1947, 1948 ஆண்டுகளில் விடாமல் தொடர்ந்து பதிந்த டீன் பெனடெட்டி, பெரும்பாலும் பார்க்கர் தனித்து வாசிக்கும் இடங்களில் மட்டும் கருவியை ஓடவிட்டு, மற்றவர்கள் முறை வந்ததும் நிறுத்திவிடுவார். பல ஆண்டுகள் வதந்தியாக மட்டுமே இருந்த அந்தப் பதிவுகள் 1990இல் முழுமையாக வெளிவந்தபோது பார்க்கரின் கற்பனை வளத்துக்கு ஈடற்ற சான்றாக அமைந்தன. உடன் வாசித்தவர்களில் பலரின் வாசிப்பு மட்டும் திரும்பாமலே போயிற்று. நாடாவும் தட்டும் கிடைப்பதற்கு அரிதாக இருந்த காலத்தில் அவருக்கு அது தவிர்க்க முடியாத சிக்கனம். இன்று நமக்கு அந்த நெருக்கடி இல்லை.

அடுத்து, நாடாவிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றும் வேலை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் மிகக் குறுகிய நாடா. இசைக்கென்று வடிவமைக்கப்பட்டதே அன்று. ஆனாலும் ரசிகர்களின் கையில் உலகெங்கும் மேடைப் பதிவுகளைச் சுமந்தது அதுதான். ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் இரைச்சல் கூடும், உச்ச சுரங்களின் தெளிவு மங்கும், இரண்டு கருவிகளின் வேக வேறுபாடும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். எனவே ஒரே நிகழ்ச்சியின் பல நகல்கள் உங்கள் வட்டத்தில் இருந்தால், எது மூலத்துக்கு நெருக்கமானது என்று முதலில் தேடிக் கண்டுபிடித்து அதையே மாற்றுங்கள். மற்றவற்றையும் எறிந்துவிட வேண்டாம். மூல நாடாவில் பக்கம் திருப்பும்போது விட்டுப்போன சில நொடிகள் வேறொருவர் பதிந்ததில் இருக்கக்கூடும்.

ஓடவிடும் கருவியில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பாகமான ஹெட், பதிந்த கருவியின் ஹெட் இருந்த அதே சாய்வில் இருந்தால்தான் உச்ச ஓசைகள் முழுமையாகக் கிடைக்கும். கேசட் டெக்கில் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகை மிக மெல்லத் திருப்பி, ஒலி எந்த இடத்தில் மிகப் பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். பழகியவர் ஒருவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு இதை ஒவ்வொரு நாடாவுக்கும் தனித்தனியே செய்தால் கிடைக்கும் பயன், பிறகு மென்பொருளில் எவ்வளவு முயன்றாலும் கிடைக்காது. டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறையில் பதிந்த நாடாவை அதே முறையில்தான் ஓடவிட வேண்டும். பதியும்போது டால்பி இருந்ததா என்று தெரியாவிட்டால் அது இல்லாமலே மாற்றி, அவ்வாறு செய்ததைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

வேகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாடா ஆறு விழுக்காடு வேகமாக ஓடினால் சுருதி ஏறத்தாழ ஓர் அரைச்சுரம் ஏறிவிடும். பாடுபவரின் குரலின் தன்மையே மாறிப்போகும், காலப்பிரமாணமும் விறுவிறுப்பாகத் தோன்றும். இது ரசிகர்களின் கேசட்டில் மட்டும் நேரும் பிழை என்று எண்ண வேண்டாம். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் புளூ' தொகுப்பின் முதல் பக்கம், பதிவுக்கூடத்துக் கருவி ஒன்று மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் ஓடவிட்டபோது சுருதி சற்று உயர்ந்தே ஒலித்தது. உலகிலேயே மிக அதிகமாகக் கேட்கப்பட்ட ஜாஸ் தொகுப்புகளுள் ஒன்றில் இருந்த அந்தப் பிழை, 1992இல், சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு கருவியின் நாடாவிலிருந்து மறுபதிப்புச் செய்யும்வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. தொழில்முறைப் பதிவுக்கே இப்படியென்றால், பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த கைக்கருவியில் பதிந்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திருத்துவதற்கு, பியானோ போன்ற நிலையான சுருதியுள்ள கருவி நிகழ்ச்சியில் இருந்தால் அதை ஆதாரமாகக் கொள்ளலாம். மின்இணைப்பில் இயங்கிய கருவிகளின் அடிநாதமான முரலும் ஓசை பதிவில் கேட்டால் அதுவும் உதவும்: மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் அந்த முரல் 52 ஹெர்ட்ஸில் இருந்தால் நாடா நான்கு விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்று பொருள். எந்த முறையில் திருத்தினாலும், திருத்தாத கோப்பை அப்படியே பத்திரப்படுத்திவிட்டுத் திருத்தியதைத் தனியாக வையுங்கள்.

கோப்பு வடிவத்தைப் பொறுத்தவரை என் நிலை உறுதியானது. பாதுகாப்பதற்கான கோப்பு ஒருபோதும் எம்.பி.3 ஆக இருக்கக் கூடாது. காதுக்கு எளிதில் புலப்படாது என்று கணக்கிட்ட பகுதிகளை அது நீக்கிவிடுகிறது. நீக்கியது நீக்கியதுதான், அதை மீண்டும் பெரிய கோப்பாக மாற்றினாலும் திரும்பாது. ஒரு முறை சுருக்கியதை இன்னொருவர் தட்டில் ஏற்றி, மூன்றாமவர் மறுபடி சுருக்கினால், முன்பு கேசட் நகல்களில் நேர்ந்த தேய்மானமே புதிய உருவில் நேர்கிறது. 2001 முதல் கிடைக்கும் ஃபிளாக் வடிவம் ஒரு துளியும் இழக்காமல் கோப்பின் அளவைப் பாதியளவுக்கு அண்மையில் குறைக்கிறது. விலையின்றி யாரும் பயன்படுத்தலாம். தன் ஒலித்தரவின் சரிபார்ப்பு எண்ணைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால், பல ஆண்டுகளுக்குப் பிறகும் கோப்பு பழுதாகவில்லை என்று சோதிக்க முடியும். பதியும் அளவுக்கு, ஒலி ஆவணக்காப்பகங்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.ஏ.எஸ்.ஏ. குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை நொடிக்கு 48,000 முறை அளப்பது), 24 பிட் (ஒவ்வோர் அளவீட்டின் நுணுக்கம்) என்று பரிந்துரைக்கிறது. கருவி இடங்கொடுத்தால் 96 கிலோஹெர்ட்ஸாகவே பதியலாம். கைபேசியில் கேட்பதற்கு ஒவ்வொருவரும் தமக்கென்று எம்.பி.3 செய்துகொள்வதில் தவறில்லை. அதை மறுபடி பகிராதிருந்தால் போதும். யாராவது அனுப்பும் ஃபிளாக் கோப்பு உண்மையில் எம்.பி.3இலிருந்து உருமாற்றியதோ என்ற ஐயம் எழுந்தால், எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் நிறமாலைப் படத்தை மென்பொருளில் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தரித்தாற்போல் எல்லாம் நின்றுவிடுமானால் ஐயம் பெரும்பாலும் சரிதான். ஆனால் கேசட்டிலும் பண்பலை வானொலியிலும் இயல்பாகவே உச்ச ஓசைகள் அந்த அளவில் தேய்ந்துவிடுவதால், இதை ஒரே சான்றாகக் கொண்டு ஒருவர்மேல் குற்றம் சாட்டிவிடாதீர்கள்.

இரைச்சலை நீக்கலாமா என்பதற்கு: நீக்கிய கோப்பு கூடுதலாக இருக்கலாம், மூலத்துக்கு மாற்றாக இருக்கக் கூடாது. இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் அளவு மீறினால் அரங்கத்தின் எதிரொலியையும், மென்மையாக முடியும் சுரத்தின் வாலையும் சேர்த்தே துடைத்துவிடுகின்றன. இன்று நம்மிடம் உள்ள கருவிகளைவிடச் சிறந்தவை நாளை வரும். அப்போது வேலை செய்ய மூலம் இருக்க வேண்டும்.

நினைவுகள் பற்றிய பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒலிநாடா எதைச் சொல்லாதோ அதை நினைவு சொல்லும்: மேடையில் யார் எங்கே நின்றார்கள், எந்தப் பாடலின்போது கூட்டம் எழுந்தது, நிகழ்ச்சி ஏன் தாமதமாகத் தொடங்கியது, முன்வரிசை ஏன் காலியாக இருந்தது, கலைஞர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்பவை. இவை வேறெங்கும் பதிவாவதில்லை; அன்று அங்கே இருந்தவர்களோடு மறைந்துவிடுகின்றன. ஆனால் மனித நினைவு, விரும்பியதை நோக்கி மெல்ல நகரும் இயல்புடையது. முன்னே சொன்ன 1966 மான்செஸ்டர் நிகழ்ச்சியில் அந்தக் கூச்சலை எழுப்பியவர் தாமே என்று பிற்காலத்தில் இரண்டு வெவ்வேறு நபர்கள் சொன்னார்கள். அதே கட்டடத்தின் சிறிய அரங்கில் 1976 ஜூன் 4 அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழு வாசித்தபோது இருந்தவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர்தான் என்று சொல்லப்படுகிறது. அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களைக் கூட்டினால் அந்த அரங்கமே கொள்ளாது. சொன்னவர்களில் பலர் பொய் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன். அதே குழு ஆறு வாரங்களில் அதே அரங்குக்கு மறுபடி வந்தது. இரண்டாம் நிகழ்ச்சிக்குப் போனவர்களின் நினைவில் இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கலாம்.

ஆகவே நினைவுகளைத் திரட்டும்போது சில ஒழுங்குகள் தேவை. ஒருவர் தம் நினைவை எழுதித் தந்த பிறகே அந்த நிகழ்ச்சியின் பதிவை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். முதலில் பதிவைக் கேட்டுவிட்டால், கேட்டதும் நினைவில் இருந்ததும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடும். கேட்ட பிறகு புதிதாக நினைவு வருவது இயல்பு. அதைத் தனிப் பத்தியாக, கேட்ட பின் எழுதியது என்ற குறிப்போடு சேருங்கள். தாம் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். நினைவு பதிவோடு முரண்பட்டால் எழுதியவரின் வரிகளைத் திருத்தாதீர்கள். முரண்பாட்டைக் கீழே குறித்துவிட்டால் போதும். பாடல் வரிசையில் ஒருவர் பிழையாக இருப்பதனால் அவர் சொன்ன மற்றவை பிழையாகிவிடாது, தவிரவும் ஒரு மூத்த ரசிகரைப் பலர் முன்னிலையில் மறுத்துப் பேசி மௌனமாக்கினால், அவரிடம் மட்டுமே இருக்கும் பத்து விவரங்களை வட்டம் இழந்துவிடும். டிக்கெட் துண்டு, நிகழ்ச்சி நிரல், அன்றைய நாட்குறிப்பு, நண்பருக்கு எழுதிய கடிதம் ஆகியவை கிடைத்தால் அவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். அன்றே எழுதிய இரண்டு வரி, முப்பது ஆண்டு கழித்து எழுதும் இரண்டு பக்கத்தைவிட உறுதியானது.

செய்திகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, விதி ஒன்றுதான். கலைஞரோ அவர் குழுவோ நிகழ்ச்சி நடத்துபவரோ நேராக அறிவித்தது எது, வேறெங்கோ படித்தது எது என்று தெரியாத செய்தியைக் கைமாற்ற வேண்டாம். உடல்நலம், மரணம் பற்றிய செய்திகளில் இது இருமடங்கு பொருந்தும். 1969 அக்டோபரில், பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி எப்போதோ இறந்துவிட்டார் என்ற வதந்தி அமெரிக்காவில் மாணவர் இதழ்களிலும் வானொலியிலும் பரவி, இசைத்தட்டு அட்டைகளில் எல்லாம் ரசிகர்கள் சான்று தேடத் தொடங்கினார்கள். நவம்பரில் லைஃப் இதழ் அவரை நேரில் கண்டு வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் அது தணிந்தது. அன்று வாரக்கணக்கில் பரவியது இன்று நிமிடங்களில் பரவும். வதந்தியைப் படிப்பவர்களில் கலைஞரின் குடும்பத்தாரும் இருப்பார்கள் என்பதை மறக்கலாகாது.

பகிர்வது முறைதானா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நாடா உங்களுடையதாக இருக்கலாம். அதில் உள்ள இசை உங்களுடையதன்று. தம் ஒப்புதலின்றித் தம் நிகழ்ச்சி பதியப்படுவதைத் தடுக்கும் உரிமையை 1961ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை கலைஞர்களுக்கு அளிக்கிறது. பாடலை இயற்றியவரின் உரிமை அதிலிருந்து தனியானது. நாட்டுக்கு நாடு சட்டமும் கால வரம்பும் மாறும் என்பதால் உங்களுக்குப் பொருந்துவதை அறிந்துகொள்வது உங்கள் பொறுப்பு. கலைஞரிடமே அனுமதி கேட்பதுதான் மிகச் சிறந்த வழி. கேட்கத் தயங்குபவர்கள் நினைப்பதைவிட அதிகமானோர் ஒப்புக்கொள்கிறார்கள். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு, ரசிகர்கள் பதிவதை அனுமதித்ததோடு, 1984இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. விற்கக் கூடாது என்பதே முக்கிய நிபந்தனை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக்காப்பகம் 2002இல் தொடங்கிய மேடை இசைத் தொகுப்பும் அனுமதி அளித்த கலைஞர்களின் நிகழ்ச்சிகளை மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. அந்த ஒழுங்கினால் பயன் விளைந்ததற்கும் கிரேட்ஃபுல் டெட் குழுவே சான்று. அவர்களின் ஒலிப்பொறியாளர் பெட்டி கேன்டர் என்ற பெண்மணி பதிந்த நாடாக்கள், வாடகை பாக்கிக்காக 1986இல் ஏலத்தில் போயின. ரசிகர்கள் அவற்றைக் காப்பாற்றிச் சீர்செய்து பரப்பினார்கள். அவற்றுள் ஒன்றான 1977 மே 8 கார்னெல் நிகழ்ச்சி 2011ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்று, 2017இல் முறையாக வெளியிடப்பட்டது.

உங்கள் வட்டத்துக்கு நான் பரிந்துரைக்கும் வரம்புகள் இவை: பணம் எந்த வடிவிலும் கைமாறக் கூடாது, நன்கொடை என்ற பெயரிலும் கூடாது. கடையில் கிடைக்கும் வெளியீட்டைப் பகிரக் கூடாது. பகிர்ந்த மேடைப் பதிவொன்று பின்னர் அதிகாரபூர்வமாக வெளிவந்தால் அதை நிறுத்திவிட்டு வெளியீட்டை வாங்கச் சொல்ல வேண்டும். தனிப்பட்ட இல்லத்தில், நண்பர்களிடையே பாடியது, ஒத்திகை, மேடைக்குப் பின்னால் பேசியது ஆகியவை கலைஞரின் வெளிப்படையான ஒப்புதலின்றி வெளியே போகவே கூடாது.

சேமிப்பு குறித்துச் சுருக்கமாக: மூன்று நகல்கள், அவற்றில் ஒன்று வேறு வீட்டில், ஆண்டுக்கொரு முறை சரிபார்ப்பு எண்களைச் சோதித்தல். மூல நாடாக்களை மாற்றிய பிறகும் எறியாதீர்கள். வெப்பமும் ஈரமும் இல்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். 1970, 1980களின் சில ஸ்பூல் நாடாக்களில் காந்தப் பூச்சைப் பிடித்து நிறுத்தும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். ஓடவிட்டால் கிறீச்சிட்டுப் பூச்சே உரிந்து ஹெட்டில் ஒட்டும். அந்த ஓசை கேட்டவுடன் நிறுத்திவிட்டு, தேர்ந்தவரிடம் கொடுங்கள். கட்டுப்படுத்திய மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து ஓடவிட்டு எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது, அதை வீட்டு அடுப்பில் முயல வேண்டாம். 120 நிமிட கேசட்டுகளின் நாடா மிக மெல்லியது, எளிதில் சிக்கும். அவற்றை முதலில் மாற்றுங்கள். காந்த நாடாவை ஓடவிடும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் பழுதுபார்ப்போரும் 2025 வாக்கில் பெரும்பாலும் கிடைக்காமல் போகலாம் என்று ஐ.ஏ.எஸ்.ஏ.வும் யுனெஸ்கோவும் 2019இலேயே எச்சரித்தன. நல்ல நிலையில் ஒரு டெக் வட்டத்தில் யாரிடமாவது இருந்தால், அதைச் சுற்றியே இந்த ஆண்டின் வேலையைத் திட்டமிடுங்கள். மூத்தவர்களிடம் உள்ள, நகலே இல்லாத நாடாக்களுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

கலைஞரோ அவர் வாரிசுகளோ ஒரு பதிவை எடுத்துவிடும்படி கேட்டால், வாதாடாமல் அன்றே எடுத்துவிடுங்கள். ஒலியை எடுத்த பிறகும் அந்த நிகழ்ச்சியைப் பற்றிய குறிப்பு, அதாவது நாள், அரங்கம், பாடல் வரிசை, பக்க இசைக்கலைஞர்கள், பதிவின் வரலாறு, அங்கே இருந்தவர்களின் நினைவுகள் ஆகியவை, உங்கள் பட்டியலில் தொடர்ந்து இருக்கலாம். அவர்கள் என்றாவது அதை முறையாக வெளியிட முன்வந்தால், முதலில் தேடி வருவது அந்தக் குறிப்பைத்தான்.